சியா விதை இருக்கட்டும், களி ஏன் இறங்கவில்லை?

பாலக்கோடு பக்கத்திலிருந்து 57 வயது விவசாயி ஒருவர் எழுதிய கடிதத்தின் சுருக்கம்: "எனக்கு எதைத் தின்றாலும் கெட்டுப்போகும் வயிறு. மலச்சிக்கலுக்காக 2 மாதமாகச் சியா, ஆளி விதை, சப்ஜா மூன்றும் எடுக்கிறேன். வயிறு உப்புகிறது. விதைகள் குடல்வாலில் போய் அடைக்குமா? சியாவை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தால் நெஞ்சில் நிற்கிற மாதிரி இருக்கிறது. முன்பே சில நாள் களியும் நின்றதால் ரசம் சோற்றுக்கு மாறிவிட்டேன். மருந்துக்கடையில் வாங்கி 5 மாதமாக கேஸ் மாத்திரை போடுகிறேன். என் அப்பா சாப்பாடு இறங்காமல்தான் போய்ச் சேர்ந்தார்."

ஐயா, முதலில் சியா பாக்கெட்டை எடுத்து ஓரமாக வையுங்கள். நான் கேட்க வேண்டியது களியைப் பற்றி.

நம் ஊரில் களியை யார் மெல்கிறார்கள்? கிள்ளி, கீரைக் கடைசலில் புரட்டி, அப்படியே விழுங்குவோம். நல்ல நிலையில் உள்ள உணவுக்குழாய்க்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஐம்பது வருடமாக வழுக்கிக்கொண்டு போன உருண்டை திடீரென்று மார்பெலும்புக்குப் பின்னால் நிற்கிறது என்றால், குழாய் எங்கோ குறுகியிருக்கலாம், அல்லது அதன் தசை சரியாகத் தள்ளாமல் இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் உள்ளே பார்த்தாக வேண்டும்.

என்னிடம் வருகிறவர்களில் "விழுங்க முடியவில்லை" என்று நேராகச் சொல்கிறவர் குறைவு. சாப்பாட்டை மாற்றிக்கொள்வார்கள். களி போய் சோறு வரும், கறி போய் ரசம் வரும், அப்புறம் இட்லியைக்கூடத் தண்ணீர் குடித்துத் தள்ளுவார்கள். கேட்டால் "வயசாகிடுச்சுங்க, பல்லு சரியில்லை" என்பார்கள். வீட்டிலும் யாரும் கவனிப்பதில்லை. வேட்டியை இறுக்கிக் கட்ட வேண்டி வந்த பிறகுதான் கிளம்பி வருவார்கள். நீங்கள் ரசம் சோற்றுக்கு மாறியதும் இதே கதைதான்.

அப்பாவைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாதது அதுதான் என்று நினைக்கிறேன். எனவே மறைக்காமல் சொல்கிறேன்: இது புற்றுநோயாக இருக்கலாம். அமிலம் மேலேறிப் புண்ணாகி ஆறிய தழும்பாகவோ, குழாயின் கீழ்முனை சரியாகத் திறக்காத அகலேசியாவாகவோகூட இருக்கலாம். அந்த இரண்டையும் பல பேருக்கு பலூன் வைத்து விரித்தே சரிசெய்கிறார்கள். எது என்று இந்தக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. உங்கள் கைபேசியாலும் முடியாது. அப்பாவுக்கு வந்ததாலேயே மகனுக்கும் வந்துவிடாது. ஆனால் பீடி, சாராயம், வெற்றிலையோடு போடும் புகையிலை ஆகியவை ஆபத்தைக் கூட்டும். கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. பார்க்கப் போகும் மருத்துவரிடம் மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அந்த கேஸ் மாத்திரை விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. 5 மாதம்! எரிச்சலை அடக்கிவிட்டு உள்ளே இருப்பதை மறைத்துவிடக்கூடிய மாத்திரை அது. கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார், நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சியாவை உலர்வாக விழுங்கியது இதைவிட மோசம். அது தன் எடையைப் போல் 10 மடங்குக்கு மேல் தண்ணீரை இழுத்துக்கொண்டு கூழாகும் விதை. அமெரிக்காவில் 39 வயது ஆள் ஒருவர் ஒரு கரண்டி சியாவை அப்படியே போட்டுத் தண்ணீர் குடித்ததில், அது உணவுக்குழாயிலேயே ஊதி அடைத்துக்கொண்டது. எண்டோஸ்கோப்பி, அதாவது வாய் வழியாக விடும் கேமராக் குழாய், வைத்துத்தான் அகற்றினார்கள். 2014இல் மருத்துவர்கள் இதை வெளியிட்டார்கள். அவருக்கும் முன்பே அவ்வப்போது விழுங்குவதில் சிரமம் இருந்திருக்கிறது. உங்கள் குழாயும் இப்போது சந்தேகத்துக்குரியது. அதனால் ஊறவைத்த விதையும் வேண்டாம், களி உருண்டையும் வேண்டாம். பார்த்து முடிக்கும்வரை கேழ்வரகுக் கூழ், குழைந்த சோறு, இட்லி போதும்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாகவே. குடல்வால் அடைக்குமோ என்ற பயத்தை விடுங்கள். வயிறு உப்புவது, பழக்கமில்லாத நார்ச்சத்தைப் பெருங்குடலில் உள்ள கிருமிகள் நொதிக்க வைப்பதால். மூன்று விதையையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் யாருக்கும் உப்பும், உங்கள் மாதிரி வயிற்றுக்குக் கேட்கவே வேண்டாம். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகும் ஆசை இருந்தால், ஒரே ஒரு விதை, ஒரு டீஸ்பூன், ராத்திரி முழுக்க ஊறியது. ஒரு வாரம் வயிறு ஒத்துக்கொண்டால் கொஞ்சம் கூட்டலாம். ஆளி விதை என்றால் பொடித்துத்தான், முழுசாகப் போட்டால் முழுசாகவே வெளியே வந்துவிடும். கூடவே தண்ணீர் போதாவிட்டால் மலச்சிக்கல் இன்னும் இறுகும். காட்டு வேலையில் தாகத்தை அடக்குகிறவர்களுக்கு இதுதான் நடக்கிறது. உண்மையில் 100 கிராம் கேழ்வரகு மாவில் சுமார் 11 கிராம் நார் இருக்கிறது. 2 டீஸ்பூன் சியாவில் 3, 4 கிராம்தான். வீட்டு மாவை விட்டுவிட்டுக் கடை விதைக்குக் காசு கொடுத்திருக்கிறீர்கள்.

இந்த வாரமே தர்மபுரியிலோ சேலத்திலோ எண்டோஸ்கோப்பி செய்யும் மருத்துவரைப் பாருங்கள். மாங்காய் வேலை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம். நடுவில் எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் போனால், நேரம் பார்க்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பரிசோதனை பெரும்பாலும் 10, 15 நிமிட வேலை. அன்று 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறாக இருக்கச் சொல்வார்கள். உங்களுக்குச் சாப்பாடு நிற்பதால் இன்னும் முன்னதாகவே நிறுத்தச் சொல்லலாம். தூக்க ஊசி போட்டால் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.