வன்னியில் இருந்துகொண்டு புத்தரின் துக்கப் போதனையைக் கற்பது எங்களுக்கு என்ன தரும்?

போரில் உறவுகளை இழந்து கிளிநொச்சியில் வாழும் ஒருவர், பௌத்த தியானக் குழுவில் சேர்ந்தால் மனம் ஆறுமா, அதற்காகச் சைவத்தை விட வேண்டி வருமா, ஞானம் பெறுவது என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். ஆறு ஆண்டுகளாக அப்படியொரு சிறிய குழுவில் ஞாயிறு காலைகளில் இருந்து வருவதால் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

சமயம் மாற வேண்டியதில்லை. எங்கள் ஒன்பது பேரில் ஏழு பேர் சைவர், இருவர் கத்தோலிக்கர். ஒரு வீட்டு விறாந்தையில் பாய் விரித்து இருக்கிறோம். அங்கே சிலையும் இல்லை, பூசையும் இல்லை. புத்தர் சிலை என்றாலே காணியும் காவலரணும் நினைவுக்கு வருகிற மண் இது. தமிழர்கள் வழிபட்ட இடத்தில் விகாரை எழுந்ததால் தகராறு நிலவும் முல்லைத்தீவின் குருந்தூர்மலை என்ற பெயரைக் கேட்டாலே என் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தக் கோபத்தைப் பிழை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் புத்தரின் போதனை ஒரு காலத்தில் தமிழிலேயே பேசப்பட்டது. துன்பம் எழும் வழியை மணிமேகலை பன்னிரண்டு சொற்களில் அடுக்குகிறது: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். பழைய பௌத்த நூல்களின் மொழியான பாளியில் வேதனா என்பதுதான் இங்கே நுகர்வு, தண்ஹா என்பதுதான் வேட்கை. ஏதோ ஒன்று புலனில் படுகிறது; அது இனிதாகவோ கசப்பாகவோ நுகரப்படுகிறது; அடுத்த கணமே வேண்டும் அல்லது வேண்டாம் என்று மனம் பாய்கிறது. நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவே உள்ள அந்தச் சிறு இடத்தில் விழித்திருக்கப் பழகுவதுதான் எங்கள் பயிற்சி முழுவதும்.

எங்கள் குழுவில் ஓர் ஐயா இருக்கிறார். 2009 இல் பட்ட செல் பீஸ் (எறிகணைத் துண்டு) ஒன்று அவருடைய வலது தோளுக்குள் இன்னும் இருக்கிறது. எடுக்கப்போனால் நரம்பு கெடும் என்று வைத்தியர்கள் அதை விட்டுவிட்டார்கள். மாரி தொடங்கினால் அது குத்தும். சம்யுத்த நிகாயம் என்ற பாளி உபதேசத் தொகுப்பில் உள்ள சல்லத்த சுத்தத்தை (சுத்தம் என்றால் புத்தரின் உபதேசம்) ஒரு நாள் வாசித்தோம். பயிற்சியில்லாதவன் உடல்வலி வந்ததும் புலம்பி அழுவது, ஓர் அம்பு பட்டவன்மேல் இரண்டாவது அம்பும் தைப்பதைப் போன்றது என்று புத்தர் அதில் சொல்கிறார். ஐயா வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "முதல் அம்பு எனக்குள்ளதான் கிடக்குது, அதை ஆராலயும் எடுக்கேலாது. ஆனா அது குத்தத் தொடங்கினா, அண்டைக்கு ஏன் நான் பங்கருக்குள்ள இறங்கேல்லை எண்டு விடிய விடிய என்னை நானே விசாரிப்பன். அதுதான் ரெண்டாவது" என்றார். இப்போது வலி வரும்போது அது எந்த அளவு இடத்தில் இருக்கிறது, சூடா, துடிப்பா, எப்போது தணிகிறது என்று மட்டும் பார்க்கிறார். வலி குறையவில்லை, நித்திரை வருகிறது என்கிறார்.

கேட்டவருக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இழப்பு நேர்ந்த வீட்டுக்கு வருகிறவர்கள் "எல்லாம் எங்கட வினை" என்று ஆறுதல் சொல்வது இங்கே வழக்கம். பௌத்தமும் அதையே சொல்லும் என்று நினைத்துத்தான் நான் முதலில் தயங்கினேன். ஆனால் சீவக சுத்தத்தில், மனிதன் அனுபவிப்பதெல்லாம் முன்வினையின் பயனே என்ற கருத்தைப் புத்தர் வெளிப்படையாகவே மறுக்கிறார். பித்தம், சிலேற்பனம், வாதம், பருவ மாற்றம், பிறர் தாக்குதல் என்று எட்டுக் காரணங்களைச் சொல்லி, வினையை அவற்றில் ஒன்றாக மட்டுமே வைக்கிறார். பிள்ளையைச் செல்லுக்குக் கொடுத்த தாயிடம் அது உன் வினை என்று சொல்லும் உரிமையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

மிகக் கடினமான நாள், கிசா கோதமியின் கதையை வாசித்த நாள்தான். இறந்த குழந்தையைச் சுமந்து வந்தவளிடம், சாவு விழாத வீட்டில் கடுகு வாங்கி வரப் புத்தர் சொன்ன கதை அது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டக் கொட்டிலில் பல மாதங்கள் இருந்த ஓர் அம்மா, வாசித்துக்கொண்டிருந்தவரை இடையில் நிறுத்தி, "அவளின்ர கையில பிள்ளை இருந்தது, மோனை. எனக்கு ஆர் காட்டினது?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. வேட்கையை விடு என்றால் மகனைத் தேடுவதை விடு என்று பொருளா என்று மூன்று ஞாயிறுகள் பேசினோம். பிரியமானவரைப் பிரிவது துக்கம் என்று முதல் உபதேசத்திலேயே இருக்கிறது. புத்தர் சொன்ன நான்கு வாய்மைகளில், துக்கம் எது என்று சொல்லும் முதலாவதில் அது நிற்கிறது, துக்கத்தின் காரணமான வேட்கையைச் சொல்லும் இரண்டாவதில் அன்று. வேட்கையைக் கைவிடச் சொன்னவர், துக்கத்தை முழுதாக அறியத்தான் சொன்னார். அந்த அம்மாவின் ஏக்கம் களைய வேண்டிய குற்றம் அன்று என்பது எங்களுக்கு அப்போதுதான் தெளிந்தது. அவர் இன்றும் கேள்வியோடு தெருவில் நிற்கிறார், ஞாயிறுகளில் எங்களோடும் இருக்கிறார்.

ஞானம் பெறுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். புத்தர் என்றால் விழித்தவர். அவர் சொன்ன விடுதலையான நிப்பானம் என்றால் நெருப்பு அணைதல். ஆசை, வெறுப்பு, மயக்கம் ஆகிய மூன்றும்தான் அந்த நெருப்பு. எங்களில் எவரும் அதை அடைந்ததாகச் சொல்வதில்லை. வெறுப்பு மூளும்போதே அதைக் கண்டுகொள்ளும் நாட்கள் சில வந்திருக்கின்றன, அவ்வளவே.

நீங்கள் தொடங்குவதானால் பத்து நாள் மௌனப் பயிற்சிகளுக்கு உடனே போகாதீர்கள். கண்ணை மூடியதும் பழைய காட்சிகள் வருமானால் கண்ணைத் திறந்து நிலத்தைப் பாருங்கள், உள்ளங்கால் தரையில் படட்டும். இரவில் பயந்து எழுகிறவராக இருந்தால், முதலில் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பேசிவிட்டு வாருங்கள். பத்து நிமிடம் மூச்சைக் கவனித்திருந்தால் முதல் மாதத்துக்கு அது போதும்.