குறுக்குப் பெருக்கல் ஏன் சரியாக வருகிறது, எங்கே காலை வாரும்?

இரண்டு விகிதங்கள் சமமாக இருந்தால் அது விகிதசமம். திருநெல்வேலி ஜங்ஷனில் அல்வா வாங்குவது மாதிரிதான்: கால் கிலோ எடுத்தாலும் ஒரு கிலோ எடுத்தாலும் கிராமுக்கு விலை ஒன்றே. 250 கிராம் 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 600 கிராம் x ரூபாய். கிராம் விலை மாறாததால் 90/250 = x/600.

இருபுறமும் 250ஆலும் 600ஆலும் பெருக்கினால் 90 × 600 = 250 × x. ஒரு பக்கத்து மேல் எண்ணை மறுபக்கத்துக் கீழ் எண்ணோடு பெருக்கும் இதுதான் குறுக்குப் பெருக்கல். அதாவது x = 54,000 ÷ 250 = 216. "அந்தப் பக்கம் போனால் பெருக்கல்" என்று மனப்பாடம் செய்வதில்தான் வினையே. எதுவும் எங்கும் போவதில்லை. இரண்டு பக்கத்தையும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம், அவ்வளவுதான்.

பெரும்பாலும் தப்பு நடப்பது எழுதும் இடத்தில். ஒரு பக்கம் ரூபாய் மேலே, மறுபக்கம் கிராம் மேலே என்று 90/250 = 600/x போட்டால் ஏறக்குறைய 1,667 ரூபாய் வரும்! 600 என்பது 250க்கு மூன்று மடங்குகூட இல்லை. விலை 270ஐத் தாண்டவே முடியாது. இந்த உத்தேசத்தைப் பெருக்கும் முன்பே போட்டுவிட வேண்டும்.

எல்லாக் கணக்குக்கும் இதே வழி என்று நினைப்பது தவறு: 6 பேர் 4 நாளில் நடவு முடிக்கும் வயலில் 8 பேர் இறங்கினால் நாள் குறையும், அங்கே மாறாதது ஆள் × நாள் என்ற பெருக்குத்தொகை 24, ஆக 3 நாள்.