துறையே இல்லாத பல்கலைக்கழகத்தில் எந்த ஆய்வுக்குழு எனக்கானது?

கேள்வி: வேதியியல் முதுகலை படிக்கிறேன். ஜப்பானின் ஒகினாவா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் மாதிரி இடங்களில் துறை என்று எதுவும் இல்லை, ஆய்வுக்குழுக்கள் மட்டும்தான் என்கிறார்கள். அத்தனை குழுக்களில் எனக்கானதை எப்படிக் கண்டுபிடிப்பது?

போன செப்டம்பரில் இதே கேள்வியோடு ஒரு மாணவி என்னிடம் வந்தாள். நான் சேலத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பாடம் எடுக்கிறேன். அவள் வேதியியல் எம்.எஸ்சி. முதலாண்டு. வீடு ஏற்காட்டில், அப்பாவுக்குக் கொஞ்சம் காபித் தோட்டம். ஒரு கையில் செல்போன், அதில் ஒகினாவா குழுக்களின் பட்டியல். இன்னொரு கையில் மஞ்சப்பை, அதில் முழ நீளத்துக்கு ஒரு காபிச் செடியின் தண்டு.

"அப்பா புடுங்கிப் போட்டது சார். புராஜெக்டுக்கு ஆகுமானு எங்க சார்கிட்ட காட்டினேன், இது விலங்கியலுனுட்டாரு. விலங்கியல்ல போய்க் கேட்டா, இது வேளாண்மைக்காரங்க சமாச்சாரம்மாங்கறாங்க."

மலையேறிப் பழக்கமுள்ளவர்களுக்குப் பார்த்ததுமே தெரியும், வெள்ளைத் தண்டுத் துளைப்பான், காபித் தண்டைப் புழுவாகக் குடைந்து தின்னும் வண்டு. அராபிகாவின் எமன். தண்டின் மேல் நரம்பு புடைத்த மாதிரி வரிவரியாக மேடு இருந்தது. பியூன் அண்ணனிடம் கத்தி வாங்கி நீளவாக்கில் ஒரு பக்கத்தைப் பிளந்தோம். உள்ளே சுரங்கம் வளைந்து வளைந்து போகிறது, ஆனால் காலியாக இல்லை. புழு தின்று கழித்த தூள், விரலால் நோண்டினாலும் வராத அளவுக்கு அடைத்துக் கிடக்கிறது. மருந்து அடித்தால் ஏன் உள்ளே போவதில்லை என்பது அந்தத் தூளைத் தொட்டுப் பார்த்தால்தான் புரியும்.

பட்டியலை மூடி வைக்கச் சொன்னேன். "இந்தக் கட்டைய அங்க கொண்டு போனா யார் யார் எட்டிப் பார்ப்பாங்கன்னு சொல்லு" என்றேன்.

அவளே ஆரம்பித்தாள். இந்த வண்டில் ஆண்தான் வாசனை விட்டுப் பெண்ணைக் கூப்பிடுகிறது. அந்த வாசனைப் பொருள் 2-ஹைட்ராக்சி-3-டெக்கனோன், பத்துக் கார்பன் சங்கிலி. அதைச் செய்வது அவள் பாடம். அந்த மூலக்கூறு பெண் வண்டின் உணர்கொம்பில் பட்டு மூளையில் என்னவாகிறது என்பது நரம்பியல்காரர் கேள்வி. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே காற்றில் அந்த வாசனை எப்படிப் போகிறது? புகை மாதிரி சீராகப் போகாது, இழை இழையாகக் கிழிந்து போகும். அது பாய்ம இயக்கவியல், காற்றும் தண்ணீரும் ஓடும் விதத்தைப் பற்றிய பாடம், கிட்டத்தட்ட என் பக்கம். வண்டு வெயில் படும் தண்டைத் தேடி முட்டையிடுவதால் நிழல் குறைந்த தோட்டத்தில் சேதம் அதிகம். அது சூழலியல். பேசி முடிக்க ஒரு டீ நேரம்கூட ஆகவில்லை.

இனி பட்டியலுக்கு வருவோம். ஒகினாவாவில் தொண்ணூறு குழுக்கள் அளவுக்கு இருக்கின்றன. 2011-ல் பல்கலைக்கழகமாகி, 2012-ல் முதல் மாணவர்களைச் சேர்த்த இடம். இளங்கலைப் படிப்பு கிடையாது, எல்லோரும் ஆங்கிலத்தில் ஒரே முனைவர் படிப்பு. பெயர்களைப் பார்த்தால் தலை சுற்றும். 'இயற்பியலும் உயிரியலும்' என்றே ஒரு குழு உண்டு. பவளத்தின் மரபணுத் தொகுதியை 2011-ல் முதலில் படித்து வெளியிட்டது அங்குள்ள கடல் மரபணுக் குழு. கறையானின் பரிணாமத்துக்கு ஒன்று. ஆதிமனிதர் மரபணுவுக்காக 2022-ல் நோபல் வாங்கிய ஸ்வாந்தே பாபோவுக்கும் அங்கே ஒரு குழு இருக்கிறது. வேதியியல் ஒரே இடத்தில் இல்லை. வினையூக்கி ஒரு குழுவில், நியூக்ளிக் அமிலம் இன்னொன்றில் என்று சிதறிக் கிடக்கிறது. அவள் பயந்தது அதற்குத்தான்.

பெயரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அங்குள்ள பாய்ம இயக்கவியல் குழு என்றதும் குழாயும் தண்ணீரும்தான் எனக்கும் நினைவுக்கு வந்தது. 2020-ல் அவர்கள் வெளியிட்டது புயலைப் பற்றி. அட்லாண்டிக் புயல்கள் கரையேறிய பிறகு முதல் நாளில் 1960-களின் கடைசியில் முக்கால்வாசி வலுவை இழந்தன. இப்போது பாதியைத்தான் இழக்கின்றன. கடல் சூடாகி, புயல் கூடவே சுமந்து வரும் ஈரம் கூடியதுதான் காரணம் என்று காட்டினார்கள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, டிசம்பர் தொடக்கத்தில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றபோது எனக்கு அந்தக் கட்டுரைதான் ஞாபகம் வந்தது. ஃபெஞ்சலும் அந்த வகைதான் என்று சொல்ல வரவில்லை. ஆனால் கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிறோம் என்ற தைரியம் அன்றைக்குக் கொஞ்சம் ஆடிவிட்டது.

ஆகவே ஒவ்வொரு குழுவின் கடைசி இரண்டு மூன்று கட்டுரைகளை எடுத்து முன்னுரையை மட்டும் படியுங்கள். இவர்கள் எந்தக் கேள்வியைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். அப்புறம், முதலாண்டில் மூன்று குழுக்களில் மாறி மாறி வேலை பார்க்க வேண்டும், அதில் ஒன்றாவது உங்கள் பாடத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அதனால் விண்ணப்பிக்கும்போதே ஒன்றைப் பிடித்துத் தொங்க வேண்டிய அவசியமில்லை.

துறை இல்லாததன் உண்மையான லாபம் கருவிகளில்தான் இருக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கி, மரபணு வரிசைக் கருவி எல்லாம் பொதுச்சொத்து, எந்தக் குழுவும் பயன்படுத்தலாம். நான் வேலை பார்த்த இன்னொரு கல்லூரியில் பக்கத்து அறை நிறமாலைமானிக்கு முதல்வர் வழியாகக் கடிதம் போட்டு மூன்று வாரம் காத்திருந்தேன். சாவி வந்தபோது என் மாதிரி கெட்டுப்போயிருந்தது.

கெட்டதையும் சொல்லிவிடுகிறேன். இந்த இடங்களில் குழு என்றால் ஒரே ஒரு பேராசிரியர்தான். அவர் வேறு ஊருக்குப் போனால் குழுவும் போச்சு, நடுவில் நிற்பது நீங்கள். இப்போதுள்ள மாணவர்களுக்கு எழுதிக் கேட்காமல் சேராதீர்கள். பல்துறை என்பதும் பல இடங்களில் ஒரே கேன்டீனில் சாப்பிடுவதோடு சரி. மாணவர் யாராவது இரண்டு குழுக்களுக்கு நடுவே நடையாய் நடந்தால்தான் கூட்டு ஆய்வு பிறக்கும்.

ஜப்பானுக்கு முன்னால் பெங்களூரைப் பாருங்கள் என்றும் அவளிடம் சொன்னேன். ஜக்கூரில் உள்ள ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், 1989-ல் தொடங்கியது, அங்கேயும் துறை இல்லை, 'யூனிட்'தான். பொருள் இயற்பியலும் பரிணாம உயிரியலும் ஒரே வளாகம். கோடையில் இரண்டு மாதம் மாணவர்களை எடுத்துக்கொள்கிறார்கள். சேலத்திலிருந்து ராத்திரி பஸ் ஏறினால் விடிவதற்குள் அங்கே. இரண்டு மாதம் இருந்து பார்த்தால் இந்த வாழ்க்கை ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். விண்ணப்பம் போட்டிருக்கிறாள்.

தண்டை என்னிடமே விட்டுப் போனாள். கண்ணாடி ஜாடியில் போட்டு, வாயில் துணி கட்டி, மேசையில் வைத்திருந்தேன். நவம்பரில் ஒரு காலை பார்த்தால், தண்டில் புதிதாக ஒரு வட்டத் துளை, துணிக்கு அடியில் கருப்பும் வெள்ளையும் வரி போட்ட ஒரு வண்டு. போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "ஐயோ சார், வெளிய விட்றாதீங்க, கட்டையோட எரிச்சிருங்க."

ஒரு நிமிஷம் கழித்து இன்னொன்று: "எரிக்கறதுக்கு முன்னாடி ஆணா பொண்ணானு பாத்து வைங்க சார்."