சொதிக்கு முதல் பால் மாதிரி, மிசோவும் கடைசியில்

கேள்வி: ஜப்பானில் வேலை பார்க்கும் மகள் ஒரு பாக்கெட் மிசோ கொண்டுவந்தாள். காய்கறி, டோஃபு (சோயா பனீர்), நூடுல்ஸ், மிசோ எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவைத்தேன். உப்புக் கரித்தது, நூடுல்ஸ் கூழாகிவிட்டது. நாங்கள் சைவம். மாமியாருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. அரை மணி நேரத்தில் சரியாகச் செய்ய வழி சொல்லுங்கள்.
— பாளையங்கோட்டை வாசகி

பதில்: சொதி வைக்கிற கைக்கு இது புதிய வேலை இல்லை. தேங்காயின் தண்ணீர்ப் பாலில் காயை வேகவிட்டு, கெட்டியான முதல் பாலை இறக்கும்போதுதானே ஊற்றுவோம்? மிசோவையும் அப்படியே நடத்துங்கள். சோயாவை வேகவைத்து, அரிசியிலோ வாற்கோதுமையிலோ வளர்த்த கோஜி பூஞ்சையும் உப்பும் சேர்த்து மாதக்கணக்கில் புளிக்கவைத்த விழுது அது. கொதித்தால் அந்த மணம் ஆவியோடு போய்விடும், வெறும் உப்புதான் மிஞ்சும்.

முதலில் பாக்கெட்டைப் பாருங்கள். சில மிசோவில் தாஷி கலந்திருப்பார்கள். தாஷி என்பது ஜப்பானியர் வைக்கும் அடிப்படைச் சாறு. பெரும்பாலும் காய்ந்த மீனில் செய்வது. எழுத்து புரியாவிட்டால் மகளிடம் படம் அனுப்பிக் கேட்டுவிடுங்கள். சைவ வீட்டில் இதை விட்டுவிடக் கூடாது.

நான்கு பேருக்கு ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில் நசுக்கிய இஞ்சி, இரண்டு பல் பூண்டு, ஒரு கை நறுக்கிய காளான் போட்டு நன்றாகச் சிவக்க வதக்குங்கள். மீன் இல்லாத சாற்றுக்குக் காளான்தான் ருசி தரும். தண்ணீர் ஊற்றி, கேரட், பீன்ஸ் சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கட்டும். முட்டைக்கோஸ் கடைசி மூன்று நிமிடத்தில் போதும். இந்தக் கட்டத்தில் உப்பு போடவே வேண்டாம்.

டோஃபு 200 கிராம், கெட்டியான வகை. துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்தால் தண்ணீர் இறங்கிவிடும். துண்டு போட்டு, காய் வெந்தபின் சேர்த்து, கரண்டியால் கிளறாமல் பாத்திரத்தைச் சற்று அசைத்தால் உடையாது.

நூடுல்ஸைத் தனியாக நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்து, குளிர்ந்த நீரில் அலசி, பரிமாறும் கிண்ணத்தில் போடுங்கள். சாற்றிலேயே வேகவிட்டதால்தான் உங்களுக்குக் கூழானது. மசாலா பாக்கெட்டுடன் வரும் நூடுல்ஸ் என்றால் அந்த மசாலாவைத் தொடாதீர்கள், அதில் உப்பு தனியாக இருக்கும். எனக்குக் கேட்டால், காலையில் மிஞ்சிய இடியாப்பத்தைக் கிண்ணத்தில் வைத்து மேலே சாற்றை ஊற்றி உடனே சாப்பிடுவதுதான் பிடிக்கும்.

அடுப்பை அணைத்து, கொதி அடங்கியபின் மிசோ. நேரே போட்டால் கட்டி கட்டியாக நிற்கும். ஒரு கரண்டி சாற்றை எடுத்து அதில் கரைத்து ஊற்றுங்கள். டீ வடிகட்டியில் வைத்து ஸ்பூனால் தேய்த்தாலும் சரி. மூன்று மேசைக்கரண்டி போட்டுப் ருசி பார்த்து, வேண்டுமானால் இன்னொன்று. வெளிர் நிற மிசோவில் பொதுவாக உப்பு குறைவு, சிவப்பில் அதிகம்.

மாமியார் விஷயத்துக்கு வருவோம். ஒரு மேசைக்கரண்டி சிவப்பு மிசோவில் ஏறத்தாழ 2 கிராம் உப்பு இருக்கும். ஒரு நாள் முழுவதுக்குமே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதனால் மிசோ சேர்க்கும் முன்பே அவருக்கு ஒரு கிண்ணம் சாறு எடுத்துவைத்து, ஒன்றரை டீஸ்பூன் மட்டும் கரைத்துக் கொடுங்கள். எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள் தூவினால் உப்புக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. காயும் டோஃபுவும் கூடுதலாக வையுங்கள். சாறு முழுவதையும் குடிக்க வேண்டும் என்றில்லை. மருத்துவர் உப்புக்கு அளவு சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.

மேலே வறுத்துப் பொடித்த எள்ளைத் தூவுங்கள். ஜப்பானிய எள்ளெண்ணெய் வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் நல்லெண்ணெயில் அந்த வறுத்த வாசம் வராது, எள்பொடி அதைக் கொடுத்துவிடும்.

மிச்சமான மிசோ பாக்கெட்டை நம்மூர் வெயிலில் வெளியே வைக்காதீர்கள். இறுக்கமாக மூடி ஃபிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாத ஸ்பூனால் எடுத்தால் பல மாதம் தாங்கும். நாளாக நாளாக நிறம் கறுக்கும், அது கெட்டுப்போனதல்ல. டோஃபு அப்படியில்லை: பிரித்தபின் தண்ணீரில் மூழ்கவைத்து, தினம் தண்ணீர் மாற்றி, மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். புளித்த வாடை வந்தால் தூர எறிந்துவிடுங்கள்.