இரண்டாவது வழி உண்மையிலேயே திறந்திருக்கிறதா?

கேள்வி: எங்கள் நூற்பாலையின் கணக்கு, சம்பளம், ஸ்டாக் எல்லாம் ஐபிஎம் பவர்8 சர்வர் ஒன்றில், ஏஐஎக்ஸ் (ஐபிஎம்மின் யூனிக்ஸ் இயங்குதளம்) எல்பார்களாக, அதாவது ஒரே சர்வரைப் பிரித்த தனித்தனி விர்ச்சுவல் சர்வர்களாக, ஓடுகின்றன. எல்பார்களுக்கு டிஸ்கையும் நெட்வொர்க்கையும் எடுத்துக்கொடுக்கும் விஐஓ சர்வர் இரண்டு உண்டு. மூன்று வாரம் முன்பு அப்டேட்டுக்காக முதல் விஐஓ சர்வரை ரீபூட் செய்தோம். ஒரு குறையும் தெரியவில்லை. போன ஞாயிறு இரண்டாவதை ரீபூட் செய்தபோது டேட்டாபேஸ் எல்பார் அப்படியே நின்றுவிட்டது. மற்ற எல்பார்களுக்கு நெட்வொர்க்கும் போய்விட்டது. ஏஎம்சி (ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தம்) பார்ப்பவர்கள், ஸ்டோரேஜோடு இணைக்கும் ஃபைபர் சானல் கார்டு பழுது என்கிறார்கள். இரண்டு கார்டு, ஒரு சுவிட்ச் என்று நான்கு லட்ச ரூபாய்க்கு கொட்டேஷன் வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு கையெழுத்துப் போடாதீர்கள். நீங்கள் சொல்லும் வரிசையே வேறு கதையைச் சொல்கிறது. முதல் ரீபூட்டில் ஒன்றும் ஆகவில்லை, இரண்டாவதில் எல்லாம் விழுந்தது என்றால், பெரும்பாலும் பழுது முதல் ரீபூட்டிலேயே வந்து, மூன்று வாரம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது.

டேட்டாபேஸ் எல்பாரில், டிஸ்குக்குப் போகும் வழிகளைக் காட்டும் எல்எஸ்பாத் (lspath) கட்டளையை அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு டிஸ்குக்கும் இரண்டு வரி வரும்: ஒரு விஐஓ சர்வருக்கு ஒன்றாக, ஒன்று விஸ்கசி0 (vscsi0) வழி, இன்னொன்று விஸ்கசி1 வழி. இரண்டிலும் ‘எனேபிள்டு’ என்று இருக்க வேண்டும். ஒரு வரியில் ‘ஃபெயில்டு’ என்று இருந்தால் விஷயம் அங்கேதான். முதல் விஐஓ சர்வர் இறங்கியபோது அந்த வழி அறுந்தது, டிஸ்க் வேலை மொத்தமும் மற்ற வழிக்கு மாறியது. சர்வர் திரும்ப வந்தது. ஆனால் வழி திரும்ப வந்ததை ஏஐஎக்ஸ் தானாகப் போய்ப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? விஸ்கசி டிஸ்குகளில் ‘ஹெச்செக் இன்டர்வல்’ என்ற அமைப்பு (hcheck_interval: எத்தனை நொடிக்கு ஒருமுறை வழியைச் சோதிப்பது) வழக்கமாக 0 என்றே வரும். 0 என்றால் சோதனையே கிடையாது. அதை 60 ஆக மாற்றினால், நிமிடத்துக்கு ஒருமுறை அறுந்த வழியைத் தட்டிப் பார்த்து, சரியாகிவிட்டால் எடுத்துக்கொள்ளும். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை. டிஸ்க் பயன்பாட்டில் இருந்தால் மாற்றம் பெரும்பாலும் அடுத்த ரீபூட்டில்தான் நடைமுறைக்கு வரும். அதுவரை சிஹெச்பாத் (chpath) கட்டளையால் வழியைக் கையாலேயே எழுப்பிவிடலாம்.

நிற்காமல் ஓடிய மற்ற எல்பார்களிலும் இதே மதிப்பைப் பார்த்துவிடுங்கள். அங்கே 60, டேட்டாபேஸ் எல்பாரில் மட்டும் 0 என்றால், அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

இரண்டாவது வரியே வரவில்லை என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். அந்த டிஸ்கை எல்பாருக்குக் கொடுக்கும் இரண்டு விஐஓ சர்வர்களிலும் ரிசர்வ் பாலிசி ‘நோ ரிசர்வ்’ என்று இருக்க வேண்டும். ‘சிங்கிள் பாத்’ என்று இருந்தால் முதலில் எடுத்தவர் பூட்டிக்கொள்வார், அடுத்தவருக்கு டிஸ்க் கிடைக்காது.

சரி, கார்டு? உண்மையிலேயே பழுதென்றால் விஐஓ சர்வரின் எரர் லாகில் அந்தக் கார்டின் பெயரோடும் தேதியோடும் பதிவு விழுந்திருக்கும். “அந்தப் பக்கத்தை அனுப்புங்கள்” என்று மெயிலில் கேளுங்கள். பதிவைக் காட்டாமல் கொட்டேஷன் மட்டும் கொடுப்பவரிடம் கார்டு வாங்காதீர்கள்.

நெட்வொர்க்குக்கு வருவோம். இரண்டு விஐஓ சர்வரிலும் ஷேர்டு ஈதர்நெட் (எல்பார்களை வெளி நெட்வொர்க்கோடு இணைக்கும் பாலம்) இருந்தாலும், வழக்கமான அமைப்பில் ஒரு சமயத்தில் ஒன்றுதான் டிராஃபிக்கைச் சுமக்கும், மற்றது காத்திருக்கும். காத்திருப்பதன் கேபிள் சுவிட்சில் எந்த போர்ட்டில் செருகியிருக்கிறதோ, அந்த போர்ட்டின் டிரங்கில் (பல விலான்களை ஒன்றாகச் சுமக்கும் இணைப்பு) உங்கள் விலான் எண்கள் (ஒரே நெட்வொர்க்கைப் பிரித்த தனிப்பிரிவுகளின் எண்கள்) எல்லாம் அனுமதிக்கப்பட்டிருக்கின்றனவா? நான் போய்ப் பார்த்த ஓரிடத்தில் இதேதான் நடந்திருந்தது. லிங்க் விளக்கு பச்சையாக எரிந்தது, எல்லோரும் கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சுவிட்ச் கான்ஃபிகரேஷனை வாங்கிப் படித்தால், ஒரு போர்ட்டில் மூன்று விலான், அதன் ஜோடி போர்ட்டில் இரண்டே விலான். புதிதாக விலான் சேர்த்தவர் இரண்டாவது போர்ட்டை மறந்துவிட்டார். விடுபட்ட எண்ணைச் சேர்த்ததும் பிங் வந்துவிட்டது. நெட்வொர்க் போய், அரை நிமிடத்தில் தானாகத் திரும்பியது என்றால் விலான் காரணமாக இருக்காது. அந்த போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீ காத்திருப்பு (லூப் இல்லை என்று உறுதி செய்ய சுவிட்ச் எடுத்துக்கொள்ளும் நேரம்) இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘இரண்டு ஷேர்டு ஈதர்நெட்டும் ஒரே நேரத்தில் ஓடட்டும்’ என்று யாராவது அவை ஒன்றையொன்று கவனித்துக்கொள்ளும் கண்ட்ரோல் சானலைக் கழற்றினால் லூப் (டிராஃபிக் நிற்காமல் வட்டமடிப்பது) உண்டாகி ஆலையின் நெட்வொர்க் முழுக்கப் படுத்துவிடும். அனுமதிக்காதீர்கள்.

எல்லாம் சரிசெய்த பிறகு ஒரு ஞாயிறு இரவு, ஏஎம்சி ஆளை எதிரில் உட்காரவைத்து, முதல் விஐஓ சர்வரை இறக்குங்கள். ஏற்றுங்கள். எல்எஸ்பாத்தில் எல்லா வரியும் ‘எனேபிள்டு’ ஆகும்வரை காத்திருந்து, அப்புறம்தான் இரண்டாவதைத் தொட வேண்டும். அன்று இந்த ஒரு பார்வை இருந்திருந்தால் உங்கள் டேட்டாபேஸ் நின்றிருக்காது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் பவர்9 சர்வர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. மெமரி, கோர் எண்ணிக்கை எல்லாம் பார்த்துவிட்டேன். வேறென்ன பார்க்க வேண்டும்?

பதில்: காகிதத்தைப் பாருங்கள். பவர்8 முதல் ஃபர்ம்வேர் (மிஷினுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்கு ஒரு ‘அப்டேட் ஆக்சஸ் கீ’ உண்டு, அது காலாவதியாகும். அந்தத் தேதிக்குப் பிறகு வெளிவந்த ஃபர்ம்வேரை மிஷின் ஏற்காது. புதிய கீ வேண்டுமென்றால் வாரன்டியோ பராமரிப்பு ஒப்பந்தமோ உயிரோடு இருக்க வேண்டும். விற்பவரிடம் அந்தத் தேதியைக் கேளுங்கள். விஐஓ சர்வர் வசதியைத் திறக்கும் பவர்விஎம் ஆக்டிவேஷன் கோடு அந்தந்த மிஷினின் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டது. அது இல்லாமல் விஐஓ சர்வர் வைத்து எல்பார் பிரிக்கும் திட்டமெல்லாம் வீண். ஏஐஎக்ஸ் லைசென்ஸ் யார் பெயரில், எத்தனை கோருக்கு என்பதும் எழுத்தில் வர வேண்டும். வாய்வார்த்தை இங்கே உதவாது.

ஸ்டோரேஜை என்பிஐவி முறையில் (ஒரே ஃபைபர் சானல் கார்டைப் பல எல்பார்கள் பகிர்வது) இணைப்பதாக இருந்தால், ஒவ்வொரு விர்ச்சுவல் ஃபைபர் சானல் அடாப்டருக்கும் இரண்டு டபிள்யூடபிள்யூபிஎன் எண்கள் (ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்கள்) உண்டு. சோனிங் (எது எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று சுவிட்சில் அனுமதிப்பது) செய்பவரிடம் இரண்டையும் கொடுங்கள். ஒன்று மட்டும் போதும் என்று விட்டால் அன்றாட வேலை ஓடும். எல்பாரை ஓட்டத்திலேயே வேறு சர்வருக்கு நகர்த்தப் போகும் நாளில் மாட்டிக்கொள்வீர்கள்.

பணத்தில் ஒரு பங்கை, மேலே சொன்ன மாதிரி இரண்டு விஐஓ சர்வரையும் மாற்றி மாற்றி இறக்கிக் காட்டிய பிறகு தருவதாக பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதுங்கள். நல்ல விற்பனையாளர் இதற்குத் தயங்க மாட்டார்.

கேள்வி: தவறான பழுதைச் சொல்லி கார்டு விற்ற நிறுவனத்தின் மீது நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?

பதில்: கம்பெனி வாங்கியது என்றால் கஷ்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. சுயதொழிலில் பிழைப்புக்காக வாங்கிப் பயன்படுத்துபவருக்கு விலக்கு உண்டு. ஆலை சர்வர் அதில் வராது. உங்களுக்கு உள்ள வழி ஒப்பந்தமும் 1930-ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டமும்தான். மூன்று லட்சத்துக்குக் குறையாத தொகை என்றால் வணிக நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். வக்கீலைப் பார்க்கப் போகும்போது எரர் லாக், எல்எஸ்பாத் வெளியீடு, அவர்கள் அனுப்பிய மெயில் மூன்றையும் தேதியோடு பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். கழற்றிய பழைய கார்டை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள். அது நல்ல கார்டுதான் என்று நிரூபிக்க அதுவே வேண்டும்.