ஓசூர் மனையை விற்க வேண்டாம், அம்மா

பெங்களூர் அல்சூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் இரண்டாம் பியூசி, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துவிட்டாள். உயிரியலிலும் கணக்கிலும் நல்ல மதிப்பெண். ஆனால் கர்நாடக நுழைவுத்தேர்வான சிஇடியில் அவள் வாங்கிய ரேங்குக்குப் பேர்பெற்ற கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் இந்த அம்மாவின் அண்ணன், "மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கித் தருகிறேன், ஓசூர் மனையை விற்றுவிடு" என்கிறாராம். மகளோ ஃபுட் மைக்ரோபயாலஜி, அதாவது உணவில் வாழும் நுண்ணுயிரிகளைப் பற்றிய படிப்பு, என்று நிற்கிறாள். "மாவு எத்தனை மணி நேரத்தில் பொங்குது, வெயில் நாளில் எப்படி, டிசம்பரில் எப்படின்னு நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்கா சார். இதையெல்லாம் படிச்சு யார் வேலை தருவாங்க?"

உங்கள் கவலை நியாயமானது, அம்மா. ஆனால் உங்கள் அண்ணன் சொல்வது தவறு. மனையை விற்க வேண்டாம்.

பெங்களூரில் இருப்பதால் கண்ணில் படுகிற வேலை எல்லாமே ஐடியாகத் தெரிகிறது. விருப்பமில்லாத பிள்ளையை, பெயரில்லாத கல்லூரியில், கடன்பட்டுச் சேர்த்தால் நான்கு வருடம் கழித்து என்ன ஆகும் என்பதை உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். அதைப் பற்றி அதிகம் பேச எனக்கு விருப்பமில்லை. மெடிக்கல், நர்சிங், பேங்க் பரீட்சை பற்றியும் உங்களுக்குச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்த நோட்டைப் பற்றிப் பேசுவோம்.

உங்கள் மகள் அறியாமலே செய்துகொண்டிருக்கும் வேலைக்கு உலகத்தில் ஒரு துறை இருக்கிறது. பிரெடிக்டிவ் மைக்ரோபயாலஜி என்பார்கள். உணவில் இருக்கும் நுண்ணுயிரி இந்த வெப்பத்தில், இந்தப் புளிப்பில், இந்த ஈரத்தில் எவ்வளவு வேகமாகப் பெருகும், எப்போது சாகும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்வது. ஈ.கோலை போன்ற பாக்டீரியா 37 டிகிரியில், நல்ல சத்து கிடைத்தால், சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். அந்த வேகம் குறையாமல் 7 மணி நேரம் போனால் ஒன்று 20 லட்சத்தைத் தாண்டிவிடும். அது எப்போது பெருகத் தொடங்கும், எங்கே நிற்கும் என்று சொல்ல நுண்ணோக்கி மட்டும் போதாது, கணக்கு வேண்டும்.

1922-ல் கலிபோர்னியாவில் எஸ்டி, மேயர் என்ற இருவர் டப்பா உணவில் கொடிய விஷம் உண்டாக்கும் பொட்டுலினம் கிருமியின் ஸ்போர்கள், அதாவது சூட்டைத் தாங்கி உறங்கிக் கிடக்கும் வித்துகள், எந்தச் சூட்டில் எவ்வளவு நேரத்தில் சாகின்றன என்று அளந்தார்கள். டப்பாவில் அடைத்த உணவை 121 டிகிரியில் சுமார் 3 நிமிடம் வைக்கும் கணக்கு அந்த அளவீட்டின்மேல் வளர்ந்ததுதான். லட்சம் கோடி ஸ்போரில் ஒன்றுதான் தப்பலாம் என்பது அந்தக் கணக்கின் கண்டிப்பு. 1982-ல் ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ராட்கோவ்ஸ்கி என்ற புள்ளியியலாளரும், மீன் ஆராய்ச்சி செய்த ஜூன் ஓலியும், நுண்ணுயிரியலாளர் மெக்மீகினும் இன்னொருவரும் சேர்ந்து ஒன்றைக் காட்டினார்கள்: வளர்ச்சி வேகத்தின் வர்க்கமூலத்தை வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால் கிட்டத்தட்ட நேர்கோடு வருகிறது. ஒரு கிருமியின் கோடு 0 டிகிரியில் தொடங்குகிறது என்று வைத்துக்கொண்டால், ஃப்ரிட்ஜ் 5 டிகிரியிலிருந்து 10-க்கு ஏறும்போது அதன் வேகம் 4 மடங்காகிவிடும். கரண்ட் போய்ப்போய் வரும் வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும். லிஸ்டீரியா என்ற கிருமி ஃப்ரிட்ஜ் குளிரிலும் வளரும். 2017-18-ல் தென்னாப்பிரிக்காவில் பொலோனி என்ற இறைச்சிப் பண்டத்தின் வழியே பரவி 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது.

நம் சமையலறையில் இந்த வேலை நிறைய மிச்சமிருக்கிறது. வடித்த சோற்றை வெளியே வைத்தால் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் விழித்துக்கொண்டு விஷம் உண்டாக்கலாம். வாந்தி வரவைக்கும் அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போகாது. தேங்காய்ச் சட்னி, பன்னீர், தயிர் சாதம், பாக்கெட் மாவு ஒவ்வொன்றையும் நம் ஊர் வெயிலில் அளந்து கணக்காக்க ஆள் வேண்டும்.

உங்கள் அண்ணனுக்கும் ஒரு பதில். இந்த ஆராய்ச்சியிலும் கம்ப்யூட்டர் வேலை நிறைய உண்டு. ஆர், பைத்தான் போன்ற கம்ப்யூட்டர் மொழிகள் இன்று இதில் பெரிதும் பயன்படுகின்றன. காம்பேஸ் என்று ஒரு தரவுத்தளம், 2003 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. ஆயிரக்கணக்கான வளர்ச்சிக் கோடுகள் அதில் இருக்கின்றன. மகளை அதில் பதிவு செய்யச் சொல்லுங்கள், இன்றே பழகலாம்.

வழி என்னவென்றால், கர்நாடகத்தின் வேளாண் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் பி.டெக் உணவுத் தொழில்நுட்பம் இருக்கிறது. சிஇடி கவுன்சிலிங்கில் அதை முதலில் போடுங்கள். கிடைக்காவிட்டால் அரசு அல்லது அரசு உதவி பெறும் கல்லூரியில் மைக்ரோபயாலஜி பி.எஸ்சி, கூடவே புள்ளியியல் எடுக்க முடிகிற இடமாகப் பார்த்து. கணக்கை மட்டும் விட்டுவிடக் கூடாது. அடுத்தது மைசூர் சிஎஃப்டிஆர்ஐ. 1950-ல் தொடங்கிய மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப ஆய்வகம், இங்கிருந்து ரயிலில் போய்வரும் தூரம். அங்கே எம்.எஸ்சியும் உண்டு, பிஎச்.டியும் உண்டு.

ஒன்றை மறைக்க மாட்டேன். வெறும் பி.எஸ்சியோடு நிறுத்தினால் ஏதாவது கம்பெனி லேபில் குறைந்த சம்பளத்துக்கு ஷிஃப்ட் வேலைதான். இது நீண்ட வழி, பிஎச்.டி முடிய 28, 29 வயதாகலாம். நிரந்தரப் பேராசிரியர் இடங்கள் குறைவு, போட்டி கடுமை. நடுவில் கல்யாணப் பேச்சை எடுத்துப் படிப்பை நிறுத்துவதாக இருந்தால் இந்த வழியில் அனுப்பாதீர்கள்.

பணத்தில் நான் கண்டிப்பு. பிஎச்.டிக்கு வீட்டிலிருந்து பணம் போகவே கூடாது. சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், 2 வருடம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. வெளிநாடு என்றாலும் அப்படியே. நெதர்லாந்தில் வாகனிங்கன் போன்ற பல்கலைக்கழகங்களில் ஆய்வு மாணவரைச் சம்பளத்துக்கு எடுப்பதும் உண்டு. கட்டணம் கேட்டு பிஎச்.டி தருகிறேன் என்று எந்த ஏஜெண்ட் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கோட்டா சீட்டுக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். சனிக்கிழமை மகளோடு வாருங்கள், அண்ணனையும் அழைத்து வாருங்கள். கவுன்சிலிங் ஆப்ஷன்களை எல்லோரும் சேர்ந்தே வரிசைப்படுத்துவோம். ஆனால் முதல் ஆப்ஷன் எது என்பதை மகள்தான் சொல்ல வேண்டும்.