சாத்துக்குடித் தோல்: ஆன்டிஆக்ஸிடன்ட் எதில் இருக்கிறது, எப்படித் தொலைகிறது?

கேள்வி: சாத்துக்குடித் தோலில் உள்ள பெக்டின் நல்ல ஆன்டிஆக்ஸிடன்ட் என்று படித்தேன். தோலை நான்கு நாள் வெயிலில் காயவைத்துப் பொடித்தேன். பொடி பழுப்பாகிவிட்டது, கசப்பு தாங்கவில்லை. பெக்டினை மட்டும் பிரிக்கலாம் என்று சோடா உப்பு போட்டுக் கொதிக்கவைத்தேன், கெட்டியாகவே இல்லை. தவறு எங்கே? தைராய்டு மாத்திரை சாப்பிடும் அம்மாவுக்கு இந்தப் பொடியைக் கொடுக்கலாமா?

பதில்: முதலில் சோடா உப்பை விட்டுவிடுங்கள். பெக்டின் என்பது ஜாமை இறுகவைக்கும் நார்ச்சத்து; காலக்டூரானிக் அமிலம் என்ற சர்க்கரை அமிலம் நூற்றுக்கணக்கில் கோத்த சங்கிலி. புளிப்பில் அது சூட்டைத் தாங்கும். காரத்தில் சூடாக்கினால் சங்கிலி துண்டு துண்டாக அறுந்துபோகும். துண்டுகள் கூழாகச் சேராது. உங்கள் பாத்திரத்தில் நடந்தது இதுதான்.

ஒரு சாத்துக்குடித் தோலைக் குறுக்காக நறுக்கிப் பாருங்கள். வெளியே பச்சையும் மஞ்சளுமாக மெல்லிய ஏடு. நகத்தால் கீறினால் எண்ணெய் தெறிக்கும். மணம் முழுக்க அதில்தான். அதன் அடியில் பஞ்சு போன்ற வெள்ளைப் பகுதி. பெக்டின் நிறைந்திருப்பது இங்கே. நன்றாகக் காய்ந்த சிட்ரஸ் தோலில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதம் பெக்டின்தான். ஆப்பிள் சக்கையில் இதில் பாதி அளவுதான் இருக்கும்.

இனி ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்) விஷயம். ஆய்வகத்தில் இதை அளக்கும் வழக்கமான முறை ஒன்று உண்டு. டி.பி.பி.எச். என்ற ஊதா நிறக் கரைசலில் பொருளைச் சேர்ப்பார்கள். ஊதா வெளிறி மஞ்சளானால் அந்தப் பொருளுக்கு ஆற்றல் உண்டு என்று பொருள். சுத்தம் செய்யாத தோல் பெக்டின் இந்த நிறத்தை நன்றாகவே வெளிறவைக்கும். அதையே ஆல்கஹாலில் திரும்பத் திரும்பக் கழுவி வெள்ளைப் பொடியாக்கினால் ஆற்றல் வெகுவாகக் குறைந்துவிடும். காரணம், வேலையில் பெரும்பங்கைச் செய்வது பெக்டினோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஹெஸ்பெரிடின் போன்ற பாலிஃபீனால்கள் என்ற தாவரப் பொருள்கள். இரும்பு போன்ற உலோக அயனிகளைப் பிடித்துவைப்பதுதான் பெக்டின் தன் பங்குக்குச் செய்யும் முக்கிய உதவி. ஆகவே ‘பெக்டினை மட்டும்’ பிரிக்கப் பிரிக்க, நீங்கள் தேடும் பொருள் கையைவிட்டு நழுவுகிறது.

சோதனைக் குழாயில் வரும் எண்ணை அப்படியே உடம்புக்குப் பொருத்தவும் முடியாது. உணவுகளின் ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலைப் பட்டியலிட்ட ஓராக் தரவுத்தளத்தை அமெரிக்க வேளாண் துறை 2012-இல் விலக்கிக்கொண்டதற்குக் காரணமே இதுதான். பெக்டின் இரத்தத்தில் கலப்பதில்லை. பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிரிகளுக்கு உணவாகிறது. அதன் உண்மையான பலன் குடலில்தான். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொலஸ்ட்ரால் அளவுக்கு உதவும் என்று ஏற்றுக்கொண்டது நாளைக்கு 6 கிராம் பெக்டினை. உங்கள் பொடி ஒரு தேக்கரண்டியில் இருப்பது அரை கிராமைச் சுற்றித்தான். நல்ல நார்ச்சத்து என்று சேருங்கள், மருந்தாக நினைக்காதீர்கள்.

பொடி பழுப்பாகாமல், கசக்காமல் இருக்கச் செய்ய வேண்டியது இது. பழத்தை உரிக்கும் முன்பே ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி சோடா உப்பு கலந்து 15 நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். சோடாவுக்கு இங்கே மட்டும்தான் வேலை. மேற்பரப்பில் உள்ள பூச்சிமருந்து பெருமளவு போகும், தோலுக்குள் இறங்கியது போகாது. மெழுகு பூசிய இறக்குமதி ஆரஞ்சு இதற்கு வேண்டாம். பிறகு எண்ணெய் ஏட்டைத் துருவி எடுத்துவிட்டு, வெள்ளைப் பகுதியைக் கால் அங்குலத் துண்டுகளாக்கிக் கொதிநீரில் 3 நிமிடம் போட்டு வடியுங்கள். தோலில் பெக்டினைக் கெடுக்கும் நொதியும், பழுப்பாக்கும் நொதியும் இருக்கின்றன. இந்த 3 நிமிடம் இரண்டையும் அடக்கிவிடும். கசப்பிலும் ஒரு பங்கு நீரோடு போகும். கசப்பே இருக்கக் கூடாது என்று நாலைந்து முறை கொதிக்கவைத்தால் பாலிஃபீனால்களும் கூடவே போய்விடும். கொஞ்சம் கசப்பு இருக்கட்டும்.

வடித்ததை மெல்லிய துணி மூடி, காற்றோட்டமான நிழலில் பரப்புங்கள். டிரையர் இருந்தால் 55 டிகிரி செல்சியஸ் போதும். துண்டு வளையாமல் படக்கென்று ஒடிய வேண்டும். 100 கிராம் ஈரத் தோலுக்கு 20 முதல் 25 கிராம் வரும். அதற்கு மேல் நின்றால் ஈரம் மிச்சம் என்று அர்த்தம்; பூஞ்சை பிடிக்கும்.

ஜாமுக்குப் பெக்டின் வேண்டுமென்றால், கொதிநீரில் போட்டெடுத்த வெள்ளைப் பகுதி 200 கிராம், தண்ணீர் 800 மில்லி, நான்கு எலுமிச்சையின் சாறு. எவர்சில்வர் பாத்திரத்தில் (அலுமினியம் புளிப்பில் கரையும்) தளதளவென்று கொதிக்கவிடாமல், சிறு தீயில் முக்கால் மணி நேரம். சூட்டோடு துணியில் வடியுங்கள். பிழியாதீர்கள், கலங்கிவிடும். வடிநீர் ஒரு தேக்கரண்டியில் மூன்று தேக்கரண்டி சர்ஜிக்கல் ஸ்பிரிட் விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். ஜவ்வரிசிக் கஞ்சி போல ஒரே திரளாக வந்தால் பெக்டின் போதும். நூல் நூலாக நின்றால் இன்னும் சுண்ட வேண்டும். ஸ்பிரிட் விஷம், சோதித்ததைக் கொட்டிவிடுங்கள். அன்னாசி ஜாம் இறுகாமல் தவிப்பவர்களுக்கு இந்த வடிநீர் பெரிய உதவி. குளிர்பெட்டியில் நாலைந்து நாள் தாங்கும்.

அம்மாவுக்கு அரைத் தேக்கரண்டியில் தொடங்கலாம், மோரிலோ பச்சடியிலோ கலந்து. வெறும் பொடியாக விழுங்கக் கூடாது. தொண்டையில் ஊறி உப்பிவிடும். தைராய்டு மாத்திரையை உடம்பு உறிஞ்சவிடாமல் நார்ச்சத்து தடுக்கும். எனவே காலை வெறும் வயிற்றில் மாத்திரை, பொடி நான்கு மணி நேரம் கழித்து, அதாவது மதியச் சாப்பாட்டோடு. பொடியைத் தொடர்ந்து எடுப்பதென்றால் அடுத்த முறை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அம்மா கொலஸ்ட்ரால் மாத்திரையும் சாப்பிடுகிறார் என்றால், சாத்துக்குடிக்குப் பதில் பம்பளிமாஸ் தோலை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள ஃபியூரனோகூமரின்கள் என்ற வேதிப்பொருள்கள் சிம்வாஸ்டாடின், அடோர்வாஸ்டாடின் போன்ற மாத்திரைகளை இரத்தத்தில் தேவைக்கு மேல் தேங்கவைக்கும்.